இலவச மென்பொருளும் என் கூலியும்

தாராவியில் சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் பைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு நான் வலைத்தளம் அமைத்துக் கொடுத்தேன். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் என்னென்ன மென்பொருள்களை உபயோகிக்கப் போகிறேன் என்று விவரமாகவே சொன்னேன். லினக்ஸ், மரியாடிபி, வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் என்று வரிசையாக அடுக்கி, "இவை எல்லாமே இலவசம், அண்ணாச்சி. லைசென்ஸ் பணம் என்று ஒரு பைசா கிடையாது" என்று சற்றுப் பெருமையாகவே முடித்தேன். அதன் பிறகு ரூ. 48,000 என்று போட்டிருந்த என் மதிப்பீட்டுத் தாளை நீட்டியதும், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"சாமான் எல்லாம் ஓசின்னு சொல்லுதீங்க. பொறவு இம்புட்டு ரூவா எதுக்கு, தம்பி?"

நியாயமான கேள்விதான். நம் சங்கத்தில்கூட இரண்டொரு அன்பர்கள் இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். தனியாக, எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளம் வாங்காமல், வாடிக்கையாளர்களிடம் நேரடியாக வேலை பிடித்துச் செய்யும் என் போன்றவர்கள் மும்பையில் ஏராளம். எங்களில் பெரும்பாலோர் நம்பியிருப்பது இந்தத் திறந்த மூல மென்பொருள்களைத்தான். அவை என்ன, அவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம், எதற்குப் பணம் கேட்கிறோம், வாடிக்கையாளர் எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு வேலைகளை உதாரணமாக வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பெயர் விளக்கம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ஆம் ஆண்டு 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். கம்ப்யூட்டர் ப்ரோகிராமை விற்பவர்கள் அதன் மூல வரிகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, வாங்கியவரைத் திருத்தவும் விடாமல் பிறருக்குக் கொடுக்கவும் விடாமல் தடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. உபயோகிப்பவருக்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்றார்: எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், தாம் மாற்றியதையும் கொடுக்கலாம். 1989-இல் வெளியான ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் இதைச் சட்ட மொழியில் எழுதியது. 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார். 1995-இல் அப்பாச்சி, பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் மூன்றும் வந்து சேர்ந்தன. 'திறந்த மூலம்' என்ற பெயர் சூட்டப்பட்டது 1998-இல்தான். இன்று உலகிலுள்ள வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை ஓடுவது 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸின் மேல்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அவர்கள் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொன்னாலே விஷயம் முடிந்தது. கட்டு இல்லை என்றுதான் பொருளே தவிர, காசு இல்லை என்று பொருளல்ல. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள மென்பொருளைப் பணம் வாங்கிக்கொண்டு விற்பதற்குத் தடையே கிடையாது. வாங்கியவர் அதைப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே அண்ணாச்சியிடம் நான் 'இலவசம்' என்று சொன்னதே பிழை. என் வாயால் நானே என் கூலிக்கு வேட்டு வைத்துக்கொண்டேன்!

நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவரே ஒரு கைப்பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "தோலு ஓசியா வந்தாலும் தைக்கிறவனுக்குக் கூலி உண்டுல்லா" என்றார். பிறகு ரூ. 42,000 என்று முடிவாயிற்று. வியாபாரி வியாபாரிதான்.

கடையின் பழைய கதை

அண்ணாச்சிக்கு இது முதல் வலைத்தளம் அல்ல. அதற்கு முன் ஒருவர் செய்து கொடுத்த தளம் நான்கு வருஷம் நன்றாகவே ஓடியிருக்கிறது. அவர் சொந்தமாக எழுதிய ப்ரோகிராம் அது. மூல வரிகளை அண்ணாச்சிக்குக் கொடுக்கவில்லை. இடமும் அவருடைய சர்வரில். எல்லாவற்றையும்விட மோசம், கடையின் பெயரில் இருந்த இணைய முகவரியை அவர் தம் சொந்த மின்னஞ்சலில், தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, சௌகரியத்துக்காகச் செய்திருப்பார். பின்னர் அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அவர் பார்க்காத ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் தளம் நின்றது.

காம் என்று முடியும் முகவரிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. கெடு முடிந்ததும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது மீட்க அதிகக் கட்டணம். அதுவும் போனால் 5 நாட்கள் கழித்து முகவரி சந்தைக்கு வந்துவிடும், எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய முகவரிகளை இப்படிப் பிடிப்பதற்கென்றே இயந்திரங்களை ஓடவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சி என்னிடம் வந்தபோது இந்தக் கட்டங்கள் எல்லாம் தாண்டிவிட்டன. பெட்டிகளிலும் பில்களிலும் வெளியூர் வியாபாரிகளிடம் கொடுத்த கார்டுகளிலும் அச்சிட்டிருந்த முகவரியில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் மீட்கவில்லை. கேட்ட விலையை அண்ணாச்சி கொடுக்கத் தயாராக இல்லை. கொடுக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை.

ஆகவே என் முதல் வேலை ப்ரோகிராம் எழுதுவது அல்ல. அண்ணாச்சியை எதிரே உட்கார வைத்து, அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைபேசி எண்ணில், அவருடைய வங்கிக் கார்டைக் கொண்டு 'இன்' என்று முடியும் புது முகவரியைப் பதிவு செய்ய வைத்தேன். சர்வர் இடமும் அப்படியே. எனக்குத் தனியாக ஒரு நுழைவுச் சீட்டு மட்டும். வேண்டாமென்றால் அவர் அதை ரத்து செய்யலாம். இதற்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. இந்த வேலைக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தம் இல்லை என்று தோன்றும். ஆனால் திறந்த மூலத்தின் பயன் இங்கேதான் தெரியும். முகவரி, இடம், மூல வரிகள், தரவு ஆகிய நான்கும் வாடிக்கையாளர் கையில் இருந்தால், என்னைப் பிடிக்காதபோது அவர் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சொந்தமாக எழுதிய ப்ரோகிராம் என்றால் எழுதியவரைத் தேடிக்கொண்டு துபாய்க்கோ டொராண்டோவுக்கோ போக வேண்டும்.

கடையைத் திறந்த பிறகு வந்த ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகிறார். யு.பி.ஐ. என்றால் திரை நம் தளத்தை விட்டுப் பணச் செயலிக்குத் தாவும். அங்கே ரகசிய எண்ணைப் போட்டுப் பணம் போய்விடுகிறது. பிறகு நம் தளத்துக்குத் திரும்பி வந்தால்தான் 'ஆர்டர் உறுதி' என்று பதிவாகும்படி அமைத்திருந்தேன். லோக்கல் ரயிலில் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடும். அல்லது, பணம் கட்டியாயிற்றே என்று போனை அணைத்துப் பையில் போட்டுக்கொள்வார். நம் கணக்கில் ஆர்டர் 'நிலுவை'. அவர் வங்கியிலோ பணம் பற்று. முதல் வாரத்தில் ஏழு பேர் இப்படி மாட்டிக்கொண்டு அண்ணாச்சியைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது. பணம் வந்த செய்தியை வாடிக்கையாளரின் போன் கொண்டுவரும் என்று நம்பக் கூடாது. பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் சர்வர் நேரடியாக நம் சர்வரைக் கூப்பிட்டு, தன் ரகசிய முத்திரையுடன் 'இன்ன ஆர்டருக்கு இவ்வளவு வந்தது' என்று சொல்லும் ஏற்பாடு உண்டு. முத்திரையைச் சரிபார்த்த பிறகே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். அதே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒரு முறைதான் கணக்கில் ஏற வேண்டும். வூகாமர்ஸின் மூல வரிகள் கண் முன் இருந்ததால் எந்த இடத்தில் இது நடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய ஒரு இரவு போதுமானதாக இருந்தது. கார்டு எண்களை நாம் சேமித்து வைக்கும் பேச்சே இல்லை. 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வியாபாரிகள் அதைச் சேமிக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுப்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதி.

மருமகன் செய்த சிக்கனம்

ஒரு வருஷம் கழித்து அண்ணாச்சி ஒரு நாள் காலை போன் செய்தார். "தம்பி, நம்ம கடை பேரைத் தேடுனா ஜப்பான் எழுத்தா வருதுங்காங்க" என்றார். நான் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கூகிளில் தேடிப் பார்த்தால் கடையின் முகவரிக்குக் கீழே ஜப்பானிய மொழியில் போலிக் கைக்கடிகாரங்களும் காலணிகளும் விற்கும் பக்கங்கள், ஆயிரக்கணக்கில்!

இது பிரசித்தமான ஒரு திருட்டு. நுழைந்தவன் தளத்தை உடைப்பதில்லை. வருபவர் யார் என்று பார்த்து, மனிதர் வந்தால் நல்ல பக்கத்தையும் கூகிளின் இயந்திரம் வந்தால் தன் சரக்குப் பக்கத்தையும் காட்டுகிறான். சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. கூகிள் ஒரு நாள் 'இந்தத் தளம் ஆபத்து' என்று சிவப்புத் திரையைப் போடும்போதுதான் தெரியும். அதற்கு முன்பே அண்ணாச்சிக்குத் தெரிந்தது பழைய வாடிக்கையாளர் ஒருவரின் புண்ணியம்.

எப்படி நுழைந்தான் என்று தேடினேன். அண்ணாச்சியின் மருமகன் பி.காம். படித்த சுறுசுறுப்பான பையன். பில்லை அழகாக அச்சிடும் ஒரு கூட்டுறுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அதையே 'இலவசமாக' தருவதாகச் சொன்ன ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டான். இங்கே ஒரு வேடிக்கை. வேர்ட்பிரஸ் கூட்டுறுப்புகளில் பெரும்பாலானவை ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை. ஒருவர் வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுப்பது அந்த உரிமத்தின்படி குற்றமல்ல. ஆகவே அந்தப் பையனைத் திருடன் என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுத்தவன் நடுவில் பத்து வரிகளைச் சொருகி வைத்திருந்தான். கட்டணம் கட்டி வாங்கியிருந்தால் கிடைத்திருப்பது எழுத்து மட்டுமல்ல. அது எங்கிருந்து வந்தது என்ற உத்தரவாதமும், அடுத்தடுத்த திருத்தங்களும்கூட.

சுத்தம் செய்ய மூன்று நாட்கள் ஆயின. வேர்ட்பிரஸின் அசல் கோப்புகளை அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாகப் போட்டு, கூட்டுறுப்பு ஒவ்வொன்றையும் மறுபடி இறக்கி, படங்கள் வைக்கும் அடைவில் ஒளிந்திருந்த பி.எச்.பி. கோப்புகளை அழித்து, நான் உண்டாக்காத ஒரு நிர்வாகியின் பெயரை நீக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். கூகிளின் நினைவிலிருந்து அந்தப் பக்கங்கள் மறையச் சில வாரங்கள் பிடித்தன. இதில் என் தவறும் உண்டு. மருமகனுக்கு ஆர்டர்களைப் பார்க்கும் அனுமதி போதும். நானோ சோம்பல்பட்டு முழு நிர்வாகி அனுமதியைக் கொடுத்திருந்தேன். அதனால் மூன்று நாள் கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டேன்.

நூலகம்

இரண்டாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மாட்டுங்கா பக்கம் ஒரு சிறு தமிழ் நூலகம். சுமார் 6,000 புத்தகங்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர்தான் பொறுப்பாளர், சம்பளம் இல்லாமல். முன்பு வாங்கியிருந்த நூலக மென்பொருள் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகும் ஒரு சாவி இருந்தால்தான் ஓடும். சாவி பழுதாயிற்று, விற்ற கம்பெனி மூடியாயிற்று. பட்டியல் உள்ளே இருக்கிறது, திறக்க வழியில்லை. நல்லகாலம், மாமா யாரையும் நம்பாதவர். எல்லாவற்றையும் தனியாக எக்செல் கோப்பிலும் தட்டி வைத்திருந்தார்.

அங்கே நான் சிபாரிசு செய்தது கோஹா. இதன் கதை எங்களைப் போன்ற சிறு தொழிலாளிகளுக்குப் புராணம் மாதிரி. நியூசிலாந்தில் லெவின் என்ற ஊரில் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை இருந்தது. 1999-இல் அவர்களுடைய பழைய கணினி அமைப்பு 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. பெரிய கம்பெனிகளின் அமைப்புகள் கட்டுப்படியாகவில்லை. கடிப்போ என்ற சிறிய வலைத்தள நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் எழுதி, 2000 ஜனவரி மாதம் புத்தகம் கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அத்தோடு நிற்காமல் நூலகமும் நிறுவனமும் பேசிக்கொண்டு அதை ஜி.பி.எல். உரிமத்தில் உலகத்துக்கே வெளியிட்டார்கள். கோஹா என்றால் மவோரி மொழியில் நன்கொடை. பதிலுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற பொருளும் அதில் அடக்கம். நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்தப் பெயரை நியூசிலாந்தில் ஒரு அமெரிக்க நிறுவனம் வணிகச் சின்னமாகப் பதிய முயன்று, அறக்கட்டளை எதிர்த்து நின்று, 2013-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த வேலை இன்று பல நாடுகளில், நம் நாட்டிலும் பல கல்லூரி நூலகங்களில் ஓடுகிறது.

நிறுவுவது சுலபம்: ஒரு பழைய கம்ப்யூட்டர், டெபியன் லினக்ஸ், மரியாடிபி, ஒரு பார்கோடு கருவி. கஷ்டம் தமிழில்தான் காத்திருந்தது.

மாமா தட்டியிருந்தது பாமினி எழுத்துருவில். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் தட்டியவர்களுக்கு இது தெரியும். திரையில் 'தமிழ்' என்று தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துரு போடும் வேஷம்தான் தமிழ். வேஷத்தைக் கலைத்தால் தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. இதை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் இருக்கின்றன, அதுவும் திறந்த மூலம். ஆனால் மாமாவின் கோப்பில் நடுநடுவே நிஜமான ஆங்கிலப் பெயர்களும் இருந்தன. மாற்றியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் பதிப்பாளரின் ஆங்கிலப் பெயரும் 'தமிழாகி'ப் பேய் எழுத்தாக வருகிறது. பிறகுதான் ஒரு யோசனை தோன்றியது. எக்செல் ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த எழுத்துரு என்பதைக் குறித்து வைத்திருக்கிறதே! அதைப் படித்து, பாமினி என்றிருக்கும் கட்டங்களை மட்டும் மாற்றினேன். ஒரே கட்டத்தில் இரண்டும் கலந்தவை நானூறுக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றை மாமா நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கையாலேயே திருத்தினார். "இதுக்கு நீங்க ஒரு ப்ரோகிராம் எழுதக் கூடாதோ?" என்று கேட்டார். எழுதலாம், ஆனால் அவர் கை அதைவிட வேகம்.

அடுத்தது அகரவரிசை. யூனிகோடின் இந்திய மொழிப் பட்டியல்கள் பழைய இஸ்கி தரத்தின் அமைப்பைப் பின்பற்றியவை. தேவநாகரியின் ஒழுங்குக்கு இணையாகத் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ன-வுக்கு ந-வின் பக்கத்திலும், ற-வுக்கு ர-வின் பக்கத்திலும், ள, ழ இரண்டுக்கும் வ-வுக்கு முன்னாலும் இடம். வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் 'கனவு' என்பது 'கப்பல்' என்பதற்கு முன்னால் வரும்; 'பழம்' என்பது 'பவளம்' என்பதற்கு முன்னால் வரும். அகராதி புரட்டிப் பழகிய மாமாவுக்கு முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டது. மொழிகளின் வரிசை விதிகளை அறிந்த ஐ.சி.யு. என்ற தொகுப்பு இருக்கிறது. கோஹாவின் தேடல் பொறியை அதன்படி அட்டவணை போடச் சொன்னதும் தமிழில் தேடுவது ஒழுங்காயிற்று. அச்சிடும் பட்டியலையும் அதே விதிகளின்படி நான் தனியாக வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

பெயர்ச் சிக்கல் அதைவிடச் சுவாரஸ்யம். ஜெயகாந்தன் என்றும் ஜயகாந்தன் என்றும் அட்டைகளில் இருக்கிறது. கல்கியைத் தேடுபவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தட்ட மாட்டார், புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேடுபவரும் அபூர்வம். ஆனால் இரண்டு வழியாக வந்தாலும் ஒரே அலமாரியில் கொண்டு நிறுத்த வேண்டும். கோஹாவில் ஆசிரியர் பெயருக்கென்று தனிப் பதிவு உண்டு. ஒரு பெயரை முதன்மையாக வைத்து மற்றவற்றை 'இவரையே பார்க்க' என்று இணைக்கலாம். இதைச் செய்வதற்குக் கம்ப்யூட்டர் அறிவு போதாது, தமிழ் படித்திருக்க வேண்டும். மாமாவும் இரண்டு உறுப்பினர்களுமாக இதை இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கலாம் என்றால், அங்கே தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் அதிகம். எதுவாக இருந்தாலும் இங்கே ஒருவர் மறுபடி தட்டத்தான் வேண்டும்.

பத்திரத்தில் என்ன எழுதுவது?

அன்பர்கள் பலர் தவறாக நினைத்திருக்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பணம் கொடுத்தவருக்கே ப்ரோகிராம் சொந்தம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். 1957-ஆம் ஆண்டின் நமது காப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் ப்ரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு! சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குச் சொந்தம் (17-ஆம் பிரிவு). ஆனால் என்னைப் போல் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எழுதுபவருக்கு, வேறு உடன்படிக்கை இல்லையென்றால், உரிமை எழுதியவரிடமே தங்கும். அதை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் (19-ஆம் பிரிவு). எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் வைத்துக்கொள்ளும். ஆகவே வேலை கொடுப்பவர்கள் வாயளவில் பேசி முடித்துக்கொள்ள வேண்டாம்.

மறுபுறம், என்னால் கொடுக்க முடியாததை என்னிடம் கேட்கவும் கூடாது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் வக்கீல் எழுதி அனுப்பிய ஒப்பந்தத்தில், 'ஒப்படைக்கப்படும் மென்பொருள் முழுவதும் அசல் படைப்பு. அனைத்து உரிமைகளும் வாடிக்கையாளருக்கு மட்டுமே' என்றிருந்தது. வேர்ட்பிரஸின் மேல் கட்டிய தளத்துக்கு நான் அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய். லட்சக்கணக்கான வரிகளில் நான் எழுதியது சில ஆயிரம். எனக்குச் சொந்தமல்லாததை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? நான் புதிதாக எழுதியது வாடிக்கையாளருக்கு, மற்றவை அதனதன் உரிமப்படி என்று திருத்தச் சொன்னேன். வக்கீலுக்கு ஒரு பயம்: 'அப்படியானால் நாங்கள் செய்த மாற்றங்களை ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமோ?' வேண்டாம். தம் சர்வரில் தாமே ஓட்டிக்கொள்ளும் வரை ஜி.பி.எல். அப்படிக் கேட்பதில்லை. மற்றவருக்குப் பிரதி கொடுக்கும்போதுதான் மூல வரிகளையும் கொடுக்க வேண்டும். 2007-இல் வந்த ஏ.ஜி.பி.எல். என்ற இன்னொரு உரிமம் மட்டும் வேறு. இணையம் வழியாக உபயோகிக்கக் கொடுத்தாலே அவர்களுக்கு மூல வரிகளைக் கொடுக்கச் சொல்கிறது. எம்.ஐ.டி. என்ற உரிமமோ, எழுதியவர் பெயரை அழிக்காதே என்பதோடு விட்டுவிடும். நான்கு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அந்த வேலை கடைசியில் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு, அது என்னைப் போன்றவர்கள் மேலேயே. நாங்கள் எடுப்பது அதிகம், திருப்பிக் கொடுப்பது கொஞ்சம். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 'ஹார்ட்ப்ளீட்' ஓட்டை வெளிப்பட்டபோதுதான், உலகின் பாதுகாப்பான தளங்களில் பெரும்பகுதி சாய்ந்திருந்த அதை முழுநேரமாகக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர் என்று தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில், அதை வருஷக்கணக்காகத் தனியாகக் காத்துவந்த ஒரு தொண்டரின் களைப்பைப் பயன்படுத்தி, உதவிக்கு வந்தவன் போல நடித்து ஒருவன் கள்ளச் சாவி வைத்துவிட்டான். சர்வரில் நுழைய அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியாளரால் அது பிடிபட்டது. இப்போதெல்லாம் என் மதிப்பீட்டுத் தாளில் 'மூல மென்பொருள் திட்டங்களுக்கு நன்கொடை, 2 சதவீதம்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். பலர் அடித்துவிடுகிறார்கள். அண்ணாச்சி அடிக்கவில்லை, ரசீது மட்டும் கேட்டார்.

கோஹாவில் வருஷத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள், மே மாதமும் நவம்பர் மாதமும். மாதாமாதம் சிறு திருத்தங்கள் வேறு. நூலகத்துக்கு வருஷம் ஒரு முறை பதிப்பை உயர்த்திக் கொடுப்பது என்று பேச்சு. அதற்கு முன் தினசரி நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நிஜமாகவே திறக்கிறதா என்று பார்ப்போம். சாவி கதையை மாமா மறக்கவில்லை. சென்ற முறை எல்லாம் முடிந்த பிறகு கடவுச்சொற்களும் சர்வர் விவரங்களும் எழுதிய கவரை அவரிடம் கொடுத்தேன். பிரித்து ஒரு முறை படித்தார்; என் கையெழுத்து புரியவில்லை என்று தாமே ஒரு பிரதி எழுதிக்கொண்டார். ஒன்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மற்றொன்றைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வர என்னையே அனுப்பினார்.